அம்மம்மாவின் குளிசையைக் கண்டுபிடித்தது யார்?

உயர்தர உயிரியல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் போகாமல் நின்றாள். பையைத் திறந்து ஒரு மருந்து அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தாள். பத்துக் குளிசையில் நாலு போயிருந்தது.

"ரீச்சர், இது அம்மம்மா ஒவ்வொரு நாளும் போடுற குளிசை. இதை ஆர் கண்டுபிடிச்சது? நானும் அப்படி ஒரு ஆளா வரவேணுமெண்டால் என்ன படிக்கவேணும்?"

அட்டையின் பின்புறத்தில் இமாற்றினிப் என்று இருந்தது. நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கிற மருந்து. அந்த அம்மம்மாவை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களுக்கு நடுவே நடந்தே கோணேசர் கோவிலுக்கு ஏறுகிறவர். நோய் பிடிபட்ட புதிதில் திருகோணமலையிலிருந்து மகரகமை அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போய்வந்தவர்.

ஒரு பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. அந்தக் குளிசைக்குப் பின்னால் நாற்பது வருட வேலை இருக்கிறது. அதில் ஒரு பங்கைச் செய்தவர்கள் புற்றுநோய்க்கு மருந்து தேடியவர்களே இல்லை. இன்னொரு பங்கைச் செய்தவர்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அன்று தொடங்கிய பதில் நாலைந்து கிழமை நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளையை ஆய்வுத்துறைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோரும் வாசிக்கலாம்.

முழங்காலில் தோல் உரிந்தால் என்ன நடக்கிறது? சுற்றியுள்ள கலங்கள், உடம்பைக் கட்டியிருக்கிற நுண்ணிய அலகுகள், ஒன்று இரண்டாகப் பிரிந்து, புதுத்தோல் வளர்ந்து, காயத்தை மூடுகிறது. மூடியதும் நின்றுவிடுகிறது. 'பிரி' என்று சொல்லவும் 'போதும், நில்' என்று சொல்லவும் கலத்துக்குள் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) இருக்கின்றன. அவற்றில் விகாரங்கள், அதாவது மாற்றங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, நிற்கச் சொல்லும் குரல் அடங்கிப்போனால், அல்லது பிரியச் சொல்லும் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், கலங்கள் கணக்கில்லாமல் பெருகும். புற்றுநோய் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்தக் குரல்கள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே பிழைக்கின்றன என்று தேடுவது அடிப்படை ஆய்வு. மருந்து வருமா வராதா என்று அது கேட்பதில்லை. அப்படித் தெரிந்துகொண்ட ஒன்றை எடுத்து, ஒரு நோயாளிக்கு உதவும் சோதனையாகவோ மருந்தாகவோ தடுப்பூசியாகவோ ஆக்குவது இரண்டாவது வகை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் டிரான்ஸ்லேஷனல் ஆய்வு என்பார்கள். மொழிபெயர்ப்பு என்று தமிழில் போட்டால் பொருள் மாறிவிடும். மீனவர் ஊரான திருக்கடலூர்ப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு என்பதால் நான் 'கரைசேர்க்கும் ஆய்வு' என்று சொல்லிக்கொடுத்தேன். நடுக்கடலில் எவ்வளவு மீன் பட்டாலும் கரைக்கு வந்தால்தானே கறி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தப் படகு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆய்வுகூடத்திலிருந்து கட்டிலடிக்கு மருந்து போகிறது. கட்டிலடியிலிருந்து ஆய்வுகூடத்துக்குக் கேள்வி வருகிறது.

குளிசையின் கதை

1956இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீற்றர் நோவல் என்ற இளம் வைத்தியர் வெண்குருதிப் புற்றுநோய்க் கலங்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். உப்பில்லாத தண்ணீர் உள்ளே புகுந்து கலங்கள் வீங்கின; ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்த நிறமூர்த்தங்கள் (பரம்பரையலகுகளைச் சுமக்கும் இழைகள்) விலகி, எண்ணக்கூடிய மாதிரித் தெரிந்தன. நிறமூர்த்தம் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தெரிந்த ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் டேவிட் ஹங்கர்போர்ட். அதே ஊரில் மனித நிறமூர்த்தங்களைப் பற்றி ஆய்வுப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். இருவரும் சேர்ந்து பார்த்தபோது, அம்மம்மாவுக்கு வந்த வகை நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோய் வந்தவர்களின் கலங்களில் ஒரு நிறமூர்த்தம் வழமையைவிடக் குட்டையாக இருந்தது. 1960இல் வெளியிட்டார்கள். அந்தக் குட்டைக்குப் பிலடெல்பியா நிறமூர்த்தம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

குட்டையானது ஏன்? பதிமூன்று வருடம் யாருக்கும் தெரியாது. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற வைத்தியர், நாலு பிள்ளைகளின் தாய், நிறமூர்த்தப் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். 22ஆம் நிறமூர்த்தத்தில் குறைந்த துண்டு காணாமல் போகவில்லை, 9ஆம் நிறமூர்த்தத்தில் போய் ஒட்டியிருக்கிறது என்று கண்டார். இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. அது 1973.

1980களில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். துண்டு மாறிய இடத்தில் இரண்டு பரம்பரையலகுகள் ஒட்டி ஒரு புதுப் பரம்பரையலகு உண்டாகிறது. அது ஒரு நொதியத்தை, கலத்துக்குள் வேதிவேலை நடத்தும் ஒரு புரதத்தை, செய்கிறது. அந்த நொதியம் 'பிரி, பிரி' என்று ஓயாமல் சொல்கிறது. சுவிச்சு மேலே போய் இறுகிக்கொண்ட மின்விளக்கை நினைத்துப் பாருங்கள். அந்த நொதியத்தின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் மறிக்கும் மூலக்கூறுதான் இமாற்றினிப். பிரையன் ட்ரக்கர் என்ற வைத்தியர் தலைமையில் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தேவையான அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வில், இந்த மருந்தில் தொடங்கியவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 89 வீதம். 

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1960இலிருந்து 2001. ஹங்கர்போர்ட் மாணவராக இருந்து பார்த்த ஒரு குட்டை நிறமூர்த்தம் குளிசையாக வர 41 வருடம். இந்தத் துறைக்குள் ஒரு பிள்ளை வருகிறது என்றால், தான் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பார், அல்லது யாரோ தொடங்கியதைத் தான் முடிப்போம் என்ற மனத்தோடு வரவேண்டும். பெற்றோருக்கும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

கன்னியாவும் ஒரு நொதியமும்

அடுத்த கிழமை கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிப் பேசினோம். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அது தெரியாத இடமில்லை. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். அந்தியேட்டிக் கடன் கழிக்க வீட்டாரோடு போனவர்களும் உண்டு, வாளியில் அள்ளி ஊற்றிக் குளித்தவர்களும் உண்டு.

"இந்தத் தண்ணியில ஏதும் உயிர் இருக்குமா?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

இதே கேள்வியோடு, ஆனால் இதைவிட எவ்வளவோ சூடான ஊற்றுகளுக்கு ஒருவர் போனார். 1966இல் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் தோமஸ் புரொக் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியரும், அவருடைய பட்டப்படிப்பு மாணவர் ஹட்சன் பிரீஸும், 70 பாகை செல்சியஸ் சூட்டில் சந்தோசமாக வளரும் ஒரு பக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் தேர்மஸ் அக்குவாற்றிகஸ். பிரீஸ் அப்போது முதல் பட்டம்கூட முடிக்கவில்லை. இருவரும் புற்றுநோயைப் பற்றி நினைக்கவில்லை. உயிர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதுதான் கேள்வி.

1983இல் கரி முல்லிஸ் பிசிஆர் என்ற முறையை யோசித்தார். டிஎன்ஏயின் ஒரு துண்டைச் சூடாக்கி இரண்டு இழைகளாகப் பிரித்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிரதி எடுப்பது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது முறை செய்தால் நூறு கோடிக்கு மேல். சிக்கல் என்னவென்றால், டிஎன்ஏ பிரிகிற 95 பாகைச் சூட்டில் பிரதியெடுக்கும் நொதியம் அவிந்துபோகும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்கவேண்டியிருந்தது. அப்போதுதான் யெலோஸ்டோன் பக்டீரியா ஞாபகத்துக்கு வந்தது. வெந்நீரில் வாழ்கிற உயிரின் நொதியம் வெந்நீரைத் தாங்கும்தானே. அதைப் போட்டார்கள், பிசிஆர் உலகமெல்லாம் பரவியது.

சரி, இதற்கும் அம்மம்மாவுக்கும் என்ன? குளிசை வேலை செய்கிறதா என்று பார்க்க அவருடைய இரத்தத்தை எடுத்து அனுப்புகிறார்களே, அந்தச் சோதனை பிசிஆர்தான். பல்லாயிரம் கலங்களில் ஒன்றில் அந்த ஒட்டிய பரம்பரையலகு மிச்சமிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்படை ஆய்வுக்கு எதற்குப் பணம், நேரடியாக மருந்துக்குக் கொடுக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இந்த வெந்நீரூற்றுத்தான்.

பயிற்சி என்றால் என்ன பயிற்சி?

பட்டப்படிப்பில் பாடம் படிக்கலாம். ஆய்வு செய்யப் பாடம் போதாது. தச்சுவேலை மாதிரி, வேலை தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்று பழகவேண்டும். கை பழகவேண்டும், கண் பழகவேண்டும், அதைவிட நேர்மை பழகவேண்டும். கடைசிச் சொல்லைப் பெரிய வார்த்தையாக நான் சொல்லவில்லை. வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேரும் மாணவர் முதலில் தொடுவது பிப்பெற் என்ற கருவியை. துளியிலும் சின்னத் துளியை அளந்து எடுப்பது. அது பிழைத்தால் மேலே கட்டுவதெல்லாம் பிழைக்கும். எங்களிடம் பிப்பெற் இல்லை. பாமசியில் ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூட மின்தராசை எடுத்தோம். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஆளுக்குப் பத்துத் தரம் எடுத்து நிறுக்கச் சொன்னேன்.

மாணவியின் கொப்பியில் 0.98, 1.01, 0.99, 1.00 என்று வந்துகொண்டிருந்தது. ஆறாவது தரம் 0.71. உடனே பேனையால் அதை அடிக்கப் போனாள்.

"ஏன் அடிக்கிறாய்?"

"பிழை ரீச்சர். ஒண்டுதானே வரவேணும்."

அந்த இடத்தில் வகுப்பை நிறுத்தினேன். எல்லாரையும் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன். 0.71 என்பது தராசு காட்டிய எண். அதை அடிக்க நமக்கு உரிமை இல்லை. பக்கத்தில் எழுதலாம்: 'சிறிஞ்சில் காற்றுக்குமிழி இருந்திருக்கலாம்'. குமிழிதானா என்று பார்க்க வேண்டுமென்றே குமிழி விட்டு இன்னும் ஐந்து தரம் நிறுக்கலாம். அவள் நிறுத்தாள். 0.74, 0.69, 0.80. முகம் மாறியது. பிழை என்று எறியப் போன எண்ணிலிருந்து ஒரு சின்னக் கருதுகோளும் அதைச் சோதிக்கும் வழியும் வந்திருந்தன. ஆய்வுப் பயிற்சி முழுவதையும் ஒரு காட்சியில் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பிடிக்காத எண்ணை அடித்துவிடும் பழக்கம் பெரிய இடங்களிலும் உண்டு. 2012இல் ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புற்றுநோய் ஆய்வில் முக்கியமானவை என்று பேசப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், 6இன் முடிவுகள் மட்டுமே திரும்ப வந்தன. எல்லாம் மோசடி என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தரம் வந்ததை நம்பி எழுதியது, ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுப் பரிசோதனையைச் சரியாக வைக்காதது, கலம் வளர்க்கும் தகடுகளில் எது மருந்து போட்டது என்று தெரிந்துகொண்டே எண்ணியது, இப்படிப் பல. மருந்தாக்கப் போகிறவர்கள் இந்த மணலின் மேல்தான் வீடு கட்டுகிறார்கள். நட்டம் கடைசியில் நோயாளிக்கு.

எனக்கே நடந்த ஒன்றும் இருக்கிறது. பட்டம் முடித்த கையோடு ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேறோர் இடத்திலிருந்து வந்த புற்றுநோய்க் கலங்களை வளர்த்து, அவற்றில் ஒரு சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நாலு மாத எண்கள் கொப்பி நிறைய. பிறகுதான் தெரிந்தது, வந்த கலங்களிலேயே மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் தொற்றியிருந்தது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அது தெரியாது. வளர்ப்புத் திரவம் கலங்கவும் மாட்டாது. கலச்சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் சாகாது. உள்ளே இருந்துகொண்டு கலங்களின் நடத்தையை மாற்றிக்கொண்டே இருக்கும். நாலு மாத வேலையும் குப்பைக்குப் போனது. புதிதாக வருகிற கலங்களை ஒதுக்கி வைத்து, சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும் என்பது அடிப்படைப் பாடம். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்திரண்டு வயதில், என்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. பயிற்சி கொடுக்காமல் வேலை மட்டும் வாங்குவது இளம் ஆய்வாளருக்குச் செய்கிற அநியாயம்.

கலங்கள் மாறிப்போவதும் நடக்கிறது. 1951இல் பால்ரிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்தில் முடிவில்லாமல் வளர்ந்தன. ஹீலா கலங்கள் என்று பெயர். அவ்வளவு வேகமாக வளர்ந்ததால் பக்கத்துத் தகடுகளுக்கும் புகுந்துவிட்டன. வேறு வேறு இழையத்திலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட பதினெட்டுக் கல வரிசைகள் (ஒரு மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் கலங்கள்) உண்மையில் ஹீலாதான் என்று 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். அதைவிட முக்கியமான பாடம் ஒன்றும் அந்தப் பெண்ணின் கதையில் இருக்கிறது. கலங்களை எடுத்தபோது அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வருடமே அவர் இறந்துபோனார். தாயின் கலங்கள் உலகமெல்லாம் வளர்வது குடும்பத்துக்குத் தெரியவரவே இருபது வருடத்துக்கு மேலானது. இன்றைக்கு ஒருவரிடமிருந்து ஒரு துளி இரத்தம் ஆய்வுக்கு எடுப்பதென்றாலும், எதற்கு என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லி, வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்பதையும் சொல்லி, சம்மதம் வாங்கவேண்டும். அதற்கு முன் அறநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

விளங்கும் மொழி என்கிற இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும்போது திண்டாடுகிறார்கள் என்பது உண்மை. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, அதை எப்படியும் பழகத்தான் வேண்டும். ஆனால் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு மனுசிக்கு முன்னால் இருந்து, 'அம்மா, உங்கட வாயிலயிருந்து ஒரு சின்னத் துண்டு எடுக்கப்போறம், அது இதுக்குத்தான்' என்று சொல்ல, தமிழும் அந்த ஊர்ப் பேச்சும் தெரிந்த ஆய்வாளர்தான் வேண்டும். சிங்களமும் தெரிந்தால் இன்னும் நல்லது.

வெற்றிலைத் தட்டத்திலிருந்து ஒரு கேள்வி

கட்டிலடியிலிருந்து ஆய்வுகூடத்துக்குக் கேள்வி வருவது எப்படி என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க வெற்றிலைத் தட்டத்தை எடுத்தேன். இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடாத சபை எங்கள் ஊர்களில் குறைவு. இரவு முழுக்கக் கடலில் கிடக்கிறவர்கள் நித்திரை வராமலிருக்கப் போடுகிறார்கள். வயலில் வரம்பில் இருந்து போடுகிறார்கள். பல பேருக்குப் புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு நல்லது என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது.

பாக்குப் போடுகிறவர்கள் சிலருக்கு உள்கன்னம் மெல்ல மெல்ல இறுகும். உறைப்பு எரியும். வாய் முன்போலத் திறக்காது. உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் நிமிர்த்திச் சேர்த்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். இந்த இறுக்கம் சிலருக்குப் பின்னாளில் புற்றாக மாறுகிறது.

பல் வைத்தியர் ஒருவர் இப்படி இருபது பேரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: ஏன் இறுகுகிறது? இறுகியவர்களில் யாருக்குப் புற்று வரும், யாருக்கு வராது? இனி அடிப்படை ஆய்வாளரின் வேலை. கன்னத்தின் இழையத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செய்யும் கலங்கள் இருக்கின்றன. பாக்கிலுள்ள அரெக்கொலின் அவற்றைத் தூண்டுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்துக்குச் செம்பு தேவை. நார் கூடவும் செய்கிறது, கரையாமல் பிணையவும் செய்கிறது. இதைத் தகட்டில் பார்ப்பதற்கு, ஒரே கலங்களை இரண்டு தகட்டில் வளர்த்து, ஒன்றில் பாக்குச் சாற்றையும் மற்றதில் சாறு கரைத்த திரவத்தை மட்டும் விடவேண்டும். இரண்டாவது தகடு இல்லாவிட்டால், வந்த மாற்றம் பாக்கினால் வந்ததா திரவத்தினால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

இந்த வேலைக்குப் பயிற்சி பெறுகிற பிள்ளைக்கு ஒரு மேற்பார்வையாளர் போதாது என்பது என் எண்ணம். ஆய்வுகூடத்தில் ஒருவர், கிளினிக்கில் ஒருவர் வேண்டும். கிழமையில் ஒருநாளாவது கிளினிக்கில் ஒரு மூலையில் இருந்து, வாய் திறக்க முடியாமல் சோற்றைப் பிசைந்து குழைத்துச் சாப்பிடுகிறவரைப் பார்க்கவேண்டும். தகட்டில் இருக்கும் கலத்துக்கு அப்போதுதான் ஒரு முகம் வரும். வைத்தியராகப் போகிறவர் மறுபக்கமாக, சில மாதமாவது பிப்பெற்றோடு இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1964இலிருந்து வைத்தியப் பட்டத்தையும் ஆய்வுப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்க அரசு பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. முடிக்க எட்டு வருடம் போலப் போகும். நீண்ட காலம்தான், ஆனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் விளங்கின ஆட்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

பட்டிப்பூவும் ஓர் எச்சரிக்கையும்

மூலிகையில் மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் இரண்டு பிள்ளைகளாவது சொல்வார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிற ஊர் இது, ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைக்கு நல்ல ஆதாரமும் உண்டு. கோவில் வீதியிலும் கடற்கரை மணலிலும் தானாக முளைத்து நிற்கும் பட்டிப்பூ, நித்தியகல்யாணி என்றும் சொல்வோம், அதிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வந்தன. 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபலும் சார்ல்ஸ் பியரும் அந்த இலை சலரோகத்துக்கு உதவுமா என்று பார்த்தார்கள். ஜமேக்காவில் அதைக் குடிநீராகக் குடிக்கிறார்கள் என்று கேள்வி. சீனி குறையவில்லை. ஆனால் சாறு ஏற்றிய எலிகளில் வெண்குருதிக் கலங்கள் விழுந்துவிட்டன. எதிர்பாராததை அடித்துவிடாமல் பின்தொடர்ந்தார்கள், 0.71 மாதிரி. வெண்குருதிக் கலங்களை விழுத்துகிற ஒன்று வெண்குருதிப் புற்றையும் விழுத்தலாம் அல்லவா? சிறுபிள்ளைகளின் வெண்குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றைக்கும் வின்கிறிஸ்டின் ஒரு தூண்.

இப்போது எச்சரிக்கை. ஒரு சாறு தகட்டில் புற்றுக்கலத்தைக் கொன்றது என்றால் மருந்து கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. உப்பைக் கூட்டிவிட்டாலும் தகட்டுக் கலம் சாகும், ஸ்பிரிற் விட்டாலும் சாகும். புற்றுக்கலம் சாகிற அளவில் நல்ல கலம் பிழைக்கிறதா, அந்த அளவு உடம்புக்குள் போய்ச் சேருமா, ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்பவைதான் கேள்விகள். அதன் பிறகு மனிதரில் மூன்று கட்டச் சோதனை: முதலில் சிலரில் எவ்வளவு கொடுக்கலாம் என்று, பிறகு கூடுதல் பேரில் பயன் தெரிகிறதா என்று, கடைசியில் பெருந்தொகையானவர்களில் இருக்கிற சிகிச்சையைவிட நல்லதா என்று. உள்ளே நுழைகிறவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே விழுந்துவிடும். பட்டிப்பூவை அவித்துக் குடிப்பது ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்; பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் போல எடுத்து, மில்லிகிராமில் அளந்து, நாளத்தில் ஏற்றுகிற நஞ்சு அது.

கரைசேர்ந்தது எல்லாம் குளிசையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. என் வகுப்புப் பெண்பிள்ளைகளின் கையில் ஒன்று ஏற்கெனவே ஏறியிருக்கிறது. 1983இல் ஜேர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு, கருப்பைக் கழுத்துப் புற்றுக்கட்டிகளில் பப்பிலோமா வைரசின் 16ஆம் வகையைக் கண்டது. 2006இல் அந்த வைரசுக்குத் தடுப்பூசி வந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு. 2017இல் இலங்கை அரசு ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே அந்த ஊசியைப் போடத் தொடங்கியது. 'அந்த ஊசியா இது?' என்று தோளைத் தடவிப் பார்த்தார்கள்.

என்ன படிக்கவேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. அதற்குப் பிறகு மருத்துவம்தான் வழி என்றில்லை. விஞ்ஞானமாணி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் எதிலிருந்தும் வரலாம். புள்ளிவிபரவியலும் கணினியும் தெரிந்தவர்களுக்கும் இன்று நிறைய இடம் இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு முதுதத்துவமாணி, கலாநிதி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனத்துக்கும் மூலக்கூற்று உயிரியலுக்கும் தனி நிறுவகம் இருக்கிறது. வாய்ப்புற்று என்றால் பேராதனைப் பல் மருத்துவ பீடம். வடக்கில் யாழ்ப்பாண மருத்துவ பீடம். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் ஒரு வழி. எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே கேட்கச் சொல்வது இதுதான்: எனக்கு யார் கற்றுத்தருவார்? கிழமைக்கு ஒரு தரமாவது உட்கார்ந்து என் எண்களைப் பார்ப்பாரா? கட்டடமும் இயந்திரமும் இரண்டாவது.

அந்த மாணவி அதுவரை காத்திருக்கவில்லை. சிறிஞ்ச் வகுப்பு முடிந்த கிழமையே ஒரு கொப்பி போட்டாள். அம்மம்மாவின் கிளினிக் கொப்பியிலிருந்து, அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான், ஒவ்வொரு சோதனையின் திகதியையும் வெண்குருதிக் கல எண்ணிக்கையையும் ஒரு நிரலில் எழுதினாள். வரைபுத்தாளில் புள்ளி வைத்தாள். மருந்து தொடங்கியதும் கோடு செங்குத்தாக இறங்கி, தரையோடு போகிறது. சித்திரைக்குப் பிறகு ஓரிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மேடு.

"இது பிழையா இருக்குமோ ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன் அவளே, "இல்லை, அடிக்கேல்ல" என்றாள். வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறாள். வருசப்பிறப்பை ஒட்டி வீட்டில் சனம், பஸ்ஸிலும் இடமில்லை, மருந்து எடுக்கப் போகிற நாள் தள்ளிப்போய்விட்டது. இரண்டு கிழமைக்கு மேல் குளிசை போடவில்லை என்று அம்மம்மா சாவகாசமாகச் சொன்னாராம்.

மேட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் அதை எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இரண்டு கேள்வி. அந்த மேட்டுக்கு இந்த இடைவெளிதான் காரணமா? காரணமென்றால், தூரத்திலிருந்து வருகிற மற்ற நோயாளிகளுக்கும் வருசப்பிறப்புக் காலத்தில் இப்படி விடுபடுகிறதா? தாளை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள். அடுத்த கிளினிக் நாளில் அம்மம்மாவோடு அவளும் போகிறாள், வைத்தியரிடம் கேட்க.